விலை போடாத பில்

சித்ராவுக்குப் பதினோரு கோழிப்பண்ணைகள். ஆனால் சொந்தமாக ஒரு கோழிகூடக் கிடையாது. பண்ணைகளின் கணக்குதான் அவளுடையது. நாமக்கல்லில் மோகனூர் சாலையோரம் ஒரு வாடகை வீடு, அதன் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. பதினோரு பேரும் மாதாமாதம் கொடுப்பதில்தான் வாடகையும் ஓடியது, விடுதியில் தங்கிப் படிக்கும் மகளின் படிப்பும் ஓடியது. அதில் மூன்றில் ஒரு பங்கு செங்கோட்டையன் பண்ணையிலிருந்தே வந்தது. அறுபதாயிரம் கோழி வைத்திருப்பவர் கணக்கென்றால் சும்மாவா.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அத்தனை பேரும் வேறொரு சாஃப்ட்வேர் வைத்திருந்தார்கள். வருஷாவருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டியது. அதை விட்டுவிட்டுப் ‘பற்றேடு’க்கு மாறச் சொல்லி எல்லோரையும் கரைத்தவள் சித்ராதான். பற்றேடு இலவசம். அதன் நிரல் முழுவதும் இணையத்தில் திறந்து கிடக்கும். தெரிந்தவர்கள் திருத்தலாம், தெரியாதவர்கள் குறை சொல்லலாம். இரண்டாவது வேலைக்கு ஆளுக்குப் பஞ்சமே இல்லை. திருத்துகிறவர்கள் மொத்தம் ஏழெட்டுப் பேர். சம்பளம் கிடையாது, சொந்த வேலை போக மிச்ச நேரத்தில் உட்காருகிறவர்கள். “ஓசில செய்யறவங்கள எப்படிங்க நம்பறது?” என்று குணசீலன் அன்றைக்கே கேட்டார். அவருக்கு ஏழாயிரம் கோழிதான். வாய் மட்டும் எழுபதாயிரம் கோழிக்கானது. சித்ரா விடாமல் பேசி அவரையும் சம்மதிக்க வைத்தாள்.

இவர்கள் முட்டை விற்பதில் ஒரு வழக்கம் உண்டு. லாரியில் முட்டை ஏறும்போது அதற்கு விலை கிடையாது. அன்றாடம் விலை அறிவிப்பு வரும்தான். ஆனால் வியாபாரி அதில் இருபது பைசாவோ நாற்பது பைசாவோ கழித்துக்கொண்டுதான் கொடுப்பார். அதற்குப் பெயர் மைனஸ். மைனஸ் எவ்வளவு என்பது லாரி பாலக்காடு போய், சரக்கு இறங்கி, அங்கே விற்பனை எப்படி என்று பார்த்து, மூன்றாம் நாள் போனில்தான் தெரியவரும். அதுவரை பில்லில் முட்டைக் கணக்கு இருக்கும், லாரி நம்பர் இருக்கும், விலைக் கட்டம் மட்டும் காலியாக இருக்கும். பில்லைப் பண்ணையிலேயே போட்டுவிடுவார்கள். போன் வந்தபின் சித்ரா தன் வீட்டிலிருந்து அந்தக் கட்டத்தை நிரப்புவாள். வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். இவர்களுக்குக் காலையில் பல் விளக்குகிற மாதிரி; யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்வதில்லை.

ஜனவரிக் கணக்கை முடிக்கும்போது குணசீலனுக்கு நாற்பதாயிரம் ரூபாய் உதைத்தது. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு கண்டுபிடித்தாள்: ஒரு பில்லில் விலை பூஜ்யமாக நின்றிருந்தது. வந்த கோபத்தில் பற்றேட்டின் தளத்துக்குப் போய், குறை சொல்கிற பக்கத்தில் எழுதினாள்: “விலை பூஜ்யமாக இருந்தால் பில்லைச் சேமிக்கவே விடக் கூடாது. இது கூடத் தெரியாமலா சாஃப்ட்வேர் எழுதுகிறீர்கள்?”

தேவிப்ரியா என்று ஒரு பெண் மறுநாள் பதில் போட்டாள். மரியாதையான பதில். மாற்றித் தருகிறேன், ஆனால் அதற்கு முன் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், யாராவது வேண்டுமென்றே விலை இல்லாமல் பில் போடுவது உண்டா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஒரு வாரம் காத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாள். சித்ரா அதைக் கேஸ் அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது போனில் பார்த்தாள். பூஜ்ய விலைக்கு எவன் முட்டை விற்பான்? “இல்லை. யாரும் போட மாட்டார்கள்” என்று தட்டிவிட்டுக் குழம்பை இறக்கப் போனாள். காலியாக விட்ட கட்டத்தையும் சாஃப்ட்வேர் உள்ளே பூஜ்யமென்றுதான் வைத்துக்கொள்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. கட்டத்தைக் காலியாக விடுகிற ஊர் ஒன்று இருக்கிறது என்பது தேவிப்ரியாவுக்குத் தெரியாது. வாரம் கழிந்தது. வேறு யாரும் வாய் திறக்கவில்லை.

புதுப் பதிப்பு பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. சித்ராதான் வாட்ஸப் குழுவில் போட்டு எல்லோரையும் ஏற்றிக்கொள்ளச் சொன்னாள். புதன் பிற்பகல் செங்கோட்டையன் பண்ணையில் ஒரு லட்சம் முட்டையை ஏற்றிக்கொண்டு லாரி நின்றது. பில் அடித்தால் ‘விலை இல்லாத பில்லைச் சேமிக்க முடியாது’ என்று சிவப்பில் வந்தது. டிரைவர் பில் இல்லாமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்று இறங்கி நின்றுவிட்டார். கடைசியில் ஒரு பழைய பில் புத்தகத்தைத் தேடி எடுத்துக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். குணசீலன் அதற்குள் தன் மூளையைக் காட்டி, விலைக் கட்டத்தில் ஒரு ரூபாய் என்று போட்டு அனுப்பிவிட்டார். வியாபாரி போன் பண்ணி, அந்த ரேட்டுக்கே பணம் அனுப்பிவிடட்டுமா என்று கேட்டுச் சிரித்தாராம்.

ஐந்து மணிக்குச் செங்கோட்டையன் சித்ராவை அழைத்தார். அதிகம் பேசாத மனிதர்.

“ஏனுங்க அம்மிணி, இது நம்மள்ல யாராச்சும் கேட்டு மாத்துனதா, இல்ல அவங்களா பண்ணுனதா?”

“அவங்களா பண்ணிப்போட்டாங்கண்ணா.”

யோசித்துச் சொன்னதல்ல. சொன்ன பிறகுதான் யோசித்தாள். பழைய சாஃப்ட்வேர் விற்கிறவர் இப்போது கணக்கெழுத ஆளையும் சேர்த்தே தருகிறார் என்று போன மாதம்தான் குழுவில் பேச்சு வந்தது. நான் சொல்லித்தான் இப்படி ஆனது என்று தெரிந்தால் ஒரே நாளில் பதினோரு பண்ணையும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அப்புறம் முன்னறையில் கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்தப் பயத்தில் இன்னொரு காரியமும் செய்தாள். கோபத்திலிருந்த பண்ணைக்காரர்களுக்குப் பற்றேட்டுத் தளத்தின் முகவரியை அனுப்பி, “இங்க போயி எழுதுங்க, அப்பத்தான் கவனிப்பாங்க” என்றாள்.

எழுதினார்கள். போனைப் பார்த்துப் பேசினால் அதுவே தமிழில் அடித்துக்கொள்கிற காலமாயிற்றே, கேட்க வேண்டுமா. லாரி நின்ற கதை, டிரைவர் வைத கதை, ஒரு ரூபாய் கதை எல்லாம் வரிசையாக வந்தன. செங்கோட்டையனும் எழுதினார்: “எங்க பொழப்போட வெளையாடாதீங்க. தெரியலீன்னா தொடாதீங்க.” குணசீலன் ஒருபடி மேலே போய், வேலை தெரியாத பொம்பளைகளை எல்லாம் வீட்டு வேலை பார்க்கச் சொல்லுங்கள் என்று எழுதினார். சித்ரா அதைப் படித்தாள். குணசீலனுக்குக் கணக்கெழுதுவதும் ஒரு பொம்பளைதான் என்று அவருக்கு நினைவூட்ட நல்ல சமயம் அது. நினைவூட்டவில்லை.

தேவிப்ரியாவின் பதில் வியாழன் காலையில் வந்தது. “தவறு என்னுடையது. மன்னிக்கவும். இப்போதைக்குப் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டேன். நீங்கள் எப்படிப் பில் போடுகிறீர்கள் என்று யாராவது எழுதினால் சரியாகச் செய்ய முடியும்.” அவ்வளவுதான். நாமக்கல் சித்ரா சொல்லித்தான் மாற்றினேன், கேட்டபோது யாரும் போட மாட்டார்கள் என்று அவரே எழுதினார் என்று அவள் ஒரு வரி போட்டிருக்கலாம். பழைய பக்கம் அங்கேயே இருந்தது; நாலு தரம் விரலால் மேலே தள்ளினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவள் சொல்லவில்லை. அது சித்ராவுக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததே கொஞ்ச நேரத்தில் அருவருப்பாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமையும் வசவு ஓயவில்லை. எப்படிப் பில் போடுகிறோம் என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. மதியம் தேவிப்ரியா கடைசியாக ஒன்று எழுதினாள்: “பில் பகுதியை இனி வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். நான் விலகிக்கொள்கிறேன்.” ஏழெட்டுப் பேரில் அந்தப் பகுதி தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

சித்ராவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சனிக்கிழமை காலை உட்கார்ந்து, வசவுகளுக்கெல்லாம் கீழே எழுதினாள். “இதை மாற்றச் சொன்னது நான்தான். அவர் கேட்டபோது, யாரும் விலை இல்லாமல் பில் போட மாட்டார்கள் என்று சொன்னதும் நான்தான். அவர் மேல் தவறில்லை.” அதன் கீழே மைனஸ் என்றால் என்ன, எப்போது தெரியும், வழியில் உடைந்த முட்டையை எப்போது கழிப்பார்கள் என்று எல்லாவற்றையும் எழுதி, ஆறு பழைய பில்களைப் பெயர் மறைத்துப் படமெடுத்துப் போட்டாள்.

அரை மணியில் தேவிப்ரியாவிடமிருந்து தனிச்செய்தி வந்தது, போன் நம்பரோடு. “அக்கா, பேசினா சுளுவா இருக்கும்.” சித்ரா அழைத்தாள். பின்னால் தறிச் சத்தம் கேட்டது. சேலம் பக்கம் இளம்பிள்ளையில் இருக்கிறாளாம். முன்பு பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள்; இப்போது வீட்டுக்காரரோடு சேலை வியாபாரம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு இரண்டு மணி நேரம் பற்றேட்டுக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறாள்.

“உடைஞ்ச முட்டையும் பின்னாலதான் கழிப்பாங்களாக்கா? அப்ப எண்ணிக்கையும் மாறுமே.”

“மாறுங்க. அதையும் விலை போடறப்பத்தான் போடுவோம்.”

“மாசக் கடைசில ஏத்துன லோடுக்கு அடுத்த மாசம் விலை வந்தா?”

சித்ராவுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. இரண்டு வருஷமாக அவள் நோட்டில் தனியாக எழுதிவைத்துச் சமாளித்துவந்த தலைவலி அதுதான். இருவருமாக யோசித்தார்கள். காலிக் கட்டத்தைப் பூஜ்யமாக்காமல் ‘விலை பின்னர்’ என்று தனியாகக் குறிப்பது. மாதக் கணக்கின் அடியில் அப்படி நிற்கும் பில்களை மட்டும் ஒரு பட்டியலாகக் காட்டுவது. தேவிப்ரியா எழுதி அனுப்பினாள். நிரல் என்றால் எந்தப் பக்கம் தலை என்று தெரியாத சித்ரா, ஜனவரியின் இருநூற்றுச் சொச்சம் பில்களையும் ஒவ்வொன்றாக மறுபடி அடித்துப் பார்த்தாள். மூன்று இடத்தில் இடித்தது. சொன்னாள். அந்தப் பக்கம் தேவிப்ரியா திருத்தினாள். செவ்வாய்க்கிழமை வரைக்கும் இருவரும் இருபது தடவையாவது பேசியிருப்பார்கள். குணசீலனின் நாற்பதாயிரம் இந்தத் தடவை பட்டியலில் முதல் வரியாகவே வந்து நின்றது.

புதன்கிழமை எல்லாப் பண்ணையிலும் பில் ஒழுங்காக ஓடியது. சித்ரா குழுவிலும் நடந்ததைச் சொல்லிவிட்டாள். குணசீலன் ஒரு கும்பிடு பொம்மை போட்டார். அது எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது. செங்கோட்டையன் ஒன்றும் போடவில்லை. வியாழன் காலை நேரிலேயே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பில்லு நல்லா வருதுங்க அம்மிணி. எத்தன லோடுக்கு விலை வராம தொங்கீட்டு இருக்குதுன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது.”

“சந்தோசமுங்கண்ணா.”

“நீங்க எழுதுனதப் படிச்சேன். அந்தப் பழைய பக்கத்தையும் போயிப் படிச்சேன்.” நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “அடுத்த மாசத்துல இருந்து எங்க கணக்க எங்க மச்சான் ஊட்டுப் புள்ள பாத்துக்கட்டுங்க. பற்றேட்டுலயேதான். அதுல ஒரு கோளாறும் இல்ல.”

சித்ரா கேட்டாள்: “தப்பு பண்ணுனதுக்காகங்களா?”

“தப்பு யாருதாங்க பண்ணல. போன வருசம் மருந்து அளவு தப்பிப்போயி நானே ரெண்டாயிரம் கோழிய அள்ளிப் பொதைச்சேன். அதுக்கில்லீங்க. நான் போன்ல கேட்டேன். அவங்களா பண்ணுனாங்கன்னு சொன்னீங்க. அத நம்பித்தான் நானும் எழுதிப்போட்டேன். ரெண்டு மூணு நாளு அத்தன பேரும் அந்தப் புள்ளய வையறோம், நீங்க பாத்துட்டேதான இருந்தீங்க?”

வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு எழுந்து போகப் போகிறது என்பது மனசில் ஒரு ஓரமாகத்தான் ஓடியது. அதைவிட முன்னால் வந்து நின்றது வெட்கம். தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் எழுந்தார். “அந்தப் புள்ள நெம்பரு உங்ககிட்ட இருக்குதுங்களா? நான் எழுதுனதுக்கு ஒரு வார்த்த சொல்லோணும்.”

போனை எடுத்தாள். இருபது தடவை பேசியதில் மைனஸைப் பற்றிப் பேசியிருக்கிறாள், உடைந்த முட்டையைப் பற்றிப் பேசியிருக்கிறாள், மாதக் கடைசியைப் பற்றிப் பேசியிருக்கிறாள். தேவிப்ரியாவிடம் பேச வேண்டிய ஒன்றை மட்டும் பேசவில்லை. தளத்தில் உண்மையை எழுதியதோடு கணக்கு நேராகிவிட்டதென்று இருந்துவிட்டாள்.

“கொஞ்சம் இருங்கண்ணா. முதல்ல நான் பேசிடறேன்.”

செங்கோட்டையன் அவளைப் பார்த்தார். பிறகு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். சித்ரா அழைத்தாள். நாலாவது மணியில் தறிச் சத்தத்தோடு குரல் வந்தது.

“சொல்லுங்கக்கா, மறுபடியும் எங்கியாச்சும் நின்னுபோச்சா?”

“இல்ல சாமி, பில்லெல்லாம் நல்லாத்தான் ஓடுது” என்றாள் சித்ரா. “அன்னிக்குப் பொய் சொல்லி, அத்தன பேரையும் உங்கள வைய உட்டது நான்தான். மன்னிச்சுக்குங்க.”