துவைத்த துணி

சோதனைப் பெட்டிக்குள் தொங்கிய நீலத் துணிப்பட்டையின் அடியில் பர்னர் சுடரைக் காட்டி, நேரம் ஆனதும் விலக்கினாள் நஃபீஸத். சுடர் விலகியதும் துணி கறுத்து அணைந்துவிட வேண்டும். அணையவில்லை. தீ அவசரமில்லாமல் மேலே ஏறி, பட்டை முழுவதையும் தின்று முடித்தது. இன்னொரு பட்டையைக் கட்டினாள். அதுவும் எரிந்தது.

திருநெல்வேலிக்கு வடக்கே இருக்கும் அந்தத் தொழிற்சாலையில் தைக்கிற உடுப்புகள் வளைகுடா நாட்டு எண்ணெய் ஆலைகளுக்குப் போகின்றன. தீக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களின் உடுப்பு. சோதனைக்கூடத்தில் அவள் மட்டும்தான். மேலாளர் தில்லைநாயகத்தை அழைத்துவந்து காட்டினாள்.

"துவைச்ச துணிய ஏம்மா எடுத்த?"

"போடுதவங்க துவைச்சுத்தான சார் போடுவாங்க? பலதடவ துவைச்சா தீப்பிடிக்காம இருக்கப் போட்ட மருந்து போயிருது."

அவர் புதுத்துணியில் ஒரு பட்டை வெட்டி, தானே மாட்டிப் பற்றவைத்தார். சுடரை விலக்கியதும் அணைந்தது. "பாத்தியா? லாரி தூத்துக்குடிக்குக் கெளம்பணும். சோதனைச் சான்றிதழ்ல கையெழுத்து நான் போட்டுக்கிடுதேன்."

தன் கையெழுத்து இல்லை என்பதில் அவளுக்கு அப்போது ஓர் ஆறுதல்கூட இருந்தது. பெட்டியைத் துடைத்தாள்.

சில மாதங்கள் கழிந்தன. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேலப்பாளையம் வீட்டில் இருந்தவளை, குவைத்தில் எண்ணெய் ஆலையில் வேலைபார்க்கும் கணவன் அலி அஸ்கர் வீடியோவில் கூப்பிட்டான். அங்கே விடுமுறை நாள். தொழிலாளர் முகாம் வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தான். வாளியிலிருந்து அவன் தூக்கிப் பிழிந்த நீல உடுப்பின் கழுத்துப் பட்டையில் ஆரஞ்சு நிறச் சீட்டு. அவளுடைய தொழிற்சாலைச் சீட்டு.

"மச்சான், அது எப்பக் குடுத்தாங்க?"

"நம்ம ஊரு உடுப்புதாம்ளா. வந்து மூணு மாசம் இருக்கும். துவைக்கத் துவைக்க நல்லா மெதுவாயிட்டு."

"காஞ்சது ஒண்ணு எடுங்க. உள்மடிப்புல கொஞ்சம் வெட்டி, லைட்டர வச்சுப் பாருங்க."

"வீட்டுலயும் உனக்கு இதே சோலியா?" என்று சிரித்தான். ஆனாலும் வெட்டினான். குறட்டில் பிடித்து லைட்டரைக் காட்டினான்.

"இப்ப விலக்குங்க."

விலக்கினான். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் சிரிப்பு மெல்லக் குறைந்தது. தீ குறட்டை எட்டியபோது "யா அல்லா" என்று உதறி வாளிக்குள் போட்டான்.

"போடாதீங்க மச்சான். நாளைக்கு இதப் போடாதீங்க."

"இது இல்லாம கேட்டுக்குள்ள விடமாட்டான், நஃபீஸா. எல்லாருக்கும் இதத்தான் குடுத்துருக்கான்."

தப்பு நடந்த அன்றைக்கே தனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தான். முகாமின் நீளத்துக்கும் கட்டிய கம்பியில் நீல உடுப்புகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. பாலைக்காற்று கைகளுக்குள்ளும் கால்களுக்குள்ளும் புகுந்து, ஒவ்வொன்றாக ஆள் நுழைந்ததுபோல் அவற்றை உப்ப வைத்தது.