மேனேஜரின் தொடையில் ஒரு கட்டி

1
இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. மறைப்பானேன்? அக்காவின் நாய்க்கு இடது பின்னந்தொடையில் ஒரு கட்டி. ஆறு மாதத்தில் மூன்று முறை காட்டினாள். மூன்று முறையும் கால்நடை மருத்துவர் விரலால் அமுக்கிப் பார்த்து, சிகிச்சை அட்டையில் "கொழுப்புக் கட்டி" என்று எழுதினார். உள்ளே இருப்பது என்ன என்று ஓர் ஊசி குத்தி எடுத்துப் பார்க்கவில்லை.

(நாயின் பெயர் மேனேஜர். வருகிறவர்களின் பையைச் சோதித்த பிறகுதான் உள்ளே விடுவான்.)

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: "தொப்பையைத் தள்ளிக்கொண்டு, செல்போனை நோண்டியபடியே அந்த டாக்டர்..."

அக்கா படித்துவிட்டு, குறுக்கே கோடு போட்டாள்.

"அவருக்குத் தொப்பையே கிடையாதுடா. போனையும் தொடல. மேனேஜரைக் கொஞ்சினாரு, பிஸ்கட் குடுத்தாரு. அவ்வளவு நல்ல மனுஷன். அதான் வயிறு எரியுது."

கெட்டவனை எழுதுவது சுலபம். ஒரு நல்லவரின் அலட்சியத்தை எழுத வேண்டுமென்றால்... (வாக்கியம் முடியவில்லை. கிடக்கட்டும்.)

3
நடந்ததையே சொல்கிறேன். ஒருநாள் காலையில் கட்டி உடைந்து தரையெல்லாம் ரத்தம். அக்கா துண்டால் இறுக்கிக் கட்டி, வேறொரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அங்கிருந்த பெண் மருத்துவர் ஊசி குத்தினார்; கொழுப்பு வரவில்லை, வெறும் ரத்தம்தான் வந்தது. அவர் அதோடு விடவில்லை. துளிச் சதை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். வயிற்றை ஸ்கேன் செய்தார்.

ரத்தக்குழாயில் வரும் அரிதான புற்றுநோய். மண்ணீரலுக்குப் பரவவில்லை, ஆனால் தசைக்குள் இறங்கிவிட்டது.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா கட்டியை மட்டும் எடுத்திருந்தா போதும்" என்றார்.

காலையே எடுத்தார்கள்.

4
தையல் பிரித்த மறுநாள், மூன்று காலில் தத்தும் மேனேஜரோடு அக்கா பழைய டாக்டரிடம் போனாள்.

"இது ரொம்ப அரிதும்மா. யாருக்கும் தோணாது."

"தோண வேணாம் சார். ஒரு ஊசி குத்தியிருக்கலாமே?"

அட்டையை அவர்முன் வைத்தாள். "மூணு தேதிக்குக் கீழயும் 'சோதிக்கவில்லை'ன்னு உங்க கையால எழுதுங்க."

அவர் பேனாவை எடுத்தார். "இனிமே இது எதுக்கும்மா?"

"அடுத்து வர்ற நாய்க்கு."

5
முடிவு ஒன்று: எழுதுகிறார், கண் கலங்குகிறார். இரண்டு: வெளியே போகச் சொல்கிறார். மூன்று: நாய் சாகிறது. நாய்க் கதை என்றாலே கைக்குட்டையோடு உட்கார்ந்துவிடுகிறீர்களே! கொல்ல மாட்டேன். மூன்றாவது கீமோ முடிந்து மேனேஜர் சாப்பிடுகிறான். இன்னும் எத்தனை மாதம் என்று யாரும் சொல்லவில்லை.

டாக்டர் என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. அந்த நாற்காலியில் கொஞ்சம் நீங்கள் உட்காருங்கள். எதிரே அக்கா நிற்கிறாள். வெளியே பெஞ்சில் ஏழு பேர், மடியில் நாய்களோடு.

பேனா உங்கள் கையில்.