ருக்மணியின் 'மாட்டேன்' வகுப்பு

1

முதலில் ஓர் ஒப்புதல். இந்தக் கதைக்கு விதை போட்டது என் வயிறு. 1957 ஜூலையில், மலாக்கா காஜா பெராங்கில் இருந்த ஒரு சிறுமியர் இல்லத்துக்கு விருந்தாளியாகப் போயிருந்தேன். பதினொரு பிள்ளைகள் வரிசையாக நின்று, "நல்லா இருக்கோம் ஐயா" என்று ஒரே குரலில் சொன்னார்கள். நான் நம்பினேன். நான்கு உளுந்து வடை தின்றுவிட்டு வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன். வீட்டில் அடி உதை தாங்காமல் வந்து சேர்ந்தவர்கள் எப்படி ஒரே தாளத்தில் நல்லா இருப்பார்கள் என்ற கேள்வி எனக்கு உதிக்கப் பல வருஷம் பிடித்தது. (வடை அவ்வளவு ருசி.)

இதற்கு மேல் வருவதெல்லாம் என் கற்பனை.

2

தொடக்கம், முதல் முயற்சி: "காஜா பெராங் சாலையில் காலை வெயில் பொன்னாக—"

வேண்டாம். வெயிலுக்கு இந்தக் கதையில் வேலையில்லை.

இரண்டாவது முயற்சி: "தியாகமே உருவான ருக்மணி—"

இதை ருக்மணி படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவளுக்கு முப்பத்தாறு வயது, ஊரைக் கூட்டும் குரல். இல்லத்தை நடத்துபவள் அவள்தான். பிள்ளைகள் அக்கா என்று கூப்பிடுவார்கள். அவள் பயப்படுவது கமிட்டிக்கு மட்டும். அரிசியும் வாடகையும் தருகிற அந்தப் பெரிய மனிதர்கள் மாதம் ஒருமுறை வந்து பார்ப்பார்கள். ஆகவே புதிதாக வரும் பிள்ளைக்கு முதல் வாரமே பாடம் நடந்துவிடும். கைகட்டி நில், சிரி, என்ன கேட்டாலும் "சரிங்க ஐயா" சொல். தன் பிள்ளைகளின் மரியாதையில் ருக்மணிக்குப் பெருமைகூட உண்டு.

சரி, இதிலிருந்தே தொடங்கலாம்.

3

கமிட்டித் தலைவர் கலியாணசுந்தரம் நல்ல மனிதர். தொல்லையே அதுதான். கெட்டவராக இருந்திருந்தால் ருக்மணி உஷாராக இருந்திருப்பாள்.

"நாட்டுக்கே சுதந்திரம் வரப்போவுது ருக்மணியம்மா. மெர்டேக்கா அன்னைக்கு இந்தப் புள்ள சொந்த வீட்டுல இருக்க வேணாமா? பொன்னுதுரை எங்கிட்ட வந்து அழுதுட்டான். குடியை விட்டுட்டானாம்."

இந்தப் புள்ள என்றது கோகிலாவை. வயது பதின்மூன்று, இல்லத்துக்கு வந்து ஏழு மாதம். பொன்னுதுரை அவளுடைய அப்பா, ரப்பர் தோட்டத்தில் வேலை. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சிரம்பானில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த அம்மாவால் வலது கையை இன்னும் தோளுக்கு மேல் தூக்க முடிவதில்லை.

கலியாணசுந்தரம் கோகிலாவைக் கூப்பிட்டார். "என்னம்மா, அப்பாகூட போறியா?"

கோகிலா கைகட்டினாள். சிரித்தாள். "சரிங்க ஐயா."

"பாத்தீங்களா?" என்று அவர் மனம் நிறைந்து சொன்னார். ஆகஸ்டு முப்பதாம் தேதி இன்னொரு முறை கேட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவது என்று முடிவானது.

அன்று சாயங்காலம் கோகிலா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கவுனுக்கு மேல் கவுன், அதற்கும் மேல் இன்னொன்று.

"என்னடி இது? இந்தப் புழுக்கத்துல மூணு கவுனு?"

"பழகிக்கிறேன்க்கா. மூணு போட்டுக்கிட்டா அவ்வளவா வலிக்காது."

(இந்த இடத்தில் வேடிக்கையாக ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.)

4

பொன்னுதுரை எனக்குப் பிடிபடவில்லை. முறுக்கு மீசையும் சிவந்த கண்ணும் வைத்து எழுதிப் பார்த்தேன், தெருக்கூத்து ராட்சசன் போல வந்தான். உண்மையில் அவன் ஒல்லி, பேச்சு மெதுவாக இருக்கும். மகளைப் பார்க்க வரும்போது பிஸ்கட் வாங்கி வருவான். அவன் அழுதது நிஜம். அடித்ததும் நிஜம்.

அடுத்து, கதைக்கு ஒரு வேகம் வேண்டுமே என்று இப்படி ஆரம்பித்தேன்: "அன்றைக்குத் தோட்டத்து லயத்து வீட்டில் நடந்தது என்னவென்றால்—"

நிறுத்திவிட்டேன். கோகிலா அதை ருக்மணியிடமே சொன்னதில்லை. ருக்மணியும் தோண்டிக் கேட்டதில்லை. அவளுக்கே தெரியாததை நான் உங்களுக்குச் சொன்னால் அது கோள் மூட்டுவதாகிவிடும்.

5

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மலாக்காச் செட்டிக் குடும்பம், பல தலைமுறைக்கு முன்பே வந்து தங்கிவிட்டவர்கள். சாமி கும்பிடுவது நம்மைப் போலத்தான், பேச்சு மட்டும் மலாய். அந்த வீட்டு அம்மாளுக்கும் சைக்கிள் மீன்காரனுக்கும் தினமும் வழக்கு நடக்கும்.

"தாக் மாவ்!" என்பார் அம்மாள். வேண்டாம் என்று அர்த்தம். அவன் மீனை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவான். "தாக் மாவ்!" இன்னொரு மீன். "தாக் மாவ், தாக் மாவ்!" அவன் சிரித்துக்கொண்டே சைக்கிளை மிதித்துப் போய்விடுவான்.

கவுன் விஷயம் நடந்த மறுநாள் வேலியோரம் நின்று இதைப் பார்த்த கோகிலா கேட்டாள், "அவன் ஒண்ணும் செய்யலையேக்கா?"

"எதுக்குச் செய்யணும்?"

"வேணாம்னு சொல்லிருச்சே."

அதற்கடுத்த நாளும் போய் நின்றாள். மீன்காரன் திரும்பி வருகிறானா, அந்த அம்மாள் முழுசாக இருக்கிறாரா என்று பார்க்கத்தான்.

ருக்மணிக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பன் அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடத்தைத்தானே நாமும் சோறு போட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம் என்று அவள் வெட்கப்பட்டாள். ஒரு மூச்சு அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுப் புதுச் சட்டம் போட்டாள். ஒவ்வொருவரும் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது மாட்டேன் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டும். காரணம் கேட்கப்பட மாட்டாது.

வீடு இரண்டே நாளில் நாறியது. ஏழு வயது பாக்கியலட்சுமி குளிக்க மாட்டேன் என்றாள், தலை வாரமாட்டேன் என்றாள், நாலாம் வாய்ப்பாடு பிடிக்கவில்லை என்று மூன்றோடு நின்றுகொண்டாள். சட்டம் போட்டவள் ருக்மணி, வாயைத் திறக்க முடியவில்லை. சிக்குப் பிடித்த பத்துத் தலைகளைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள். ("காரணம் கேட்கப்படலாம்" என்று சட்டத்தைத் திருத்த நானே சிபாரிசு செய்தேன். ருக்மணி மாட்டேன் என்றுவிட்டாள்.)

கோகிலா மட்டும் ஒன்பது நாள் எதற்கும் சரி என்றாள். பத்தாம் நாள் மத்தியானம் ருக்மணி பாகற்காய்க் கறியோடு வந்தாள்.

"போடவா?"

"வேணாம்."

சொன்ன வேகத்தில் கோகிலாவின் இரண்டு கையும் தலைக்கு மேல் போய் மறைத்துக்கொண்டன. ருக்மணி கரண்டியை அடுத்த தட்டுக்குக் கொண்டுபோனாள். கோகிலா சாயங்காலம்வரை அவள் பின்னாலேயே சுற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் ரசத்தையும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு பசித்ததோ என்னவோ, தானே கேட்டு வாங்கிக் குடித்தாள்.

6

ஆகஸ்டு முப்பது. விடிந்தால் மெர்டேக்கா, மலாயாவுக்குச் சுதந்திரம். தெருவெல்லாம் கொடி. கலியாணசுந்தரம் மேசையில் தாளை விரித்துப் பேனாவைத் திறந்தார். பக்கத்தில் பொன்னுதுரை, வெளுத்த சட்டையில்.

ருக்மணிக்குத் தானே பேசிவிட வேண்டும் போல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டாள். இது கோகிலாவின் வாயிலிருந்து வர வேண்டியது.

"அப்பாகூட போறியாம்மா?"

கோகிலா அப்பாவைப் பார்த்தாள். ஐயாவைப் பார்த்தாள்.

"மாட்டேன் ஐயா."

கை தலைக்குப் போகவில்லை.

முடிவு அ: பொன்னுதுரை மறுபடி அழுகிறான், கலியாணசுந்தரத்தின் மனம் இளகுகிறது, "அப்பன் அழுவுறான் பாரும்மா" என்று—

முடிவு ஆ: "யாரு சொல்லிக் குடுத்தது?" என்று ருக்மணியை முறைக்கிறார். நான்தான் என்று அவள் ஒப்புக்கொள்கிறாள். 'சரிங்க ஐயா'வையும் அவள்தான் சொல்லிக் கொடுத்தாள், அப்போது யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்று—

முடிவு இ: அவர் தாளை இழுத்து ஏதோ எழுதுகிறார்.

என்ன எழுதுகிறார்? எனக்குத் தெரியாது, நான் எழுதப்போவதும் இல்லை. அவரைக் கொஞ்சம் எழுந்திருக்கச் சொல்லிவிட்டேன். நாற்காலி காலி, நீங்கள் வந்து உட்காருங்கள். பேனாவில் மை இருக்கிறது. எதிரே கோகிலா நிற்கிறாள்.

இன்னொரு தடவை அவளிடம் கேட்காதீர்கள். அவள் சொல்லிவிட்டாள்.