மாத்திரை அவளுக்குத்தான்

“நெஞ்சை யாரோ ஏறி மிதிக்கிற மாதிரி இருக்குங்க” என்று சொன்னவள் அதன்பின் வாய் திறக்கவில்லை. மூச்சு வாங்கவே அவளுக்குப் பொழுது சரியாக இருந்தது. அவசரப் பிரிவில் கட்டிலில் கிடத்தி, முகத்தில் ஆக்ஸிஜன் மூடியைப் பொருத்தினார்கள். அவள் கணவர், பஸ் கண்டக்டர், நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல், கட்டிலைச் சுற்றியிருந்த திரையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

“அந்தத் துணி உன்னை என்னடா பண்ணுச்சு? சும்மா இரேன்” என்றாள், வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்த அவருடைய அக்கா.

“ஏற்கெனவே ஏதாவது மருந்து சாப்பிடறாங்களா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

அக்கா முந்திக்கொண்டாள். கிளம்பும்போதே அலமாரியிலிருந்து சீசாவைக் கையோடு எடுத்து வந்திருந்தாள்.

“வெறும் சத்து மாத்திரைதான் டாக்டர். இதோ, மேலேயே எழுதியிருக்கே!”

சீசா சத்து மாத்திரைச் சீசாதான். உள்ளே இருந்ததுதான் வேறு.

நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறிப்போனதற்கு நுரையீரல் டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை அது. “பாஸ்போடைஎஸ்டரேஸ்னு ஒரு நொதி இருக்குங்க. ரத்தக்குழாயைத் தளர்த்தி வைக்கிற வளைய மூலக்கூறு ஒண்ணு உடம்புல ஊறும். இந்த நொதி அதை வெட்டிக்கிட்டே இருக்கும். மாத்திரை நொதியோட வாயைக் கட்டிடும், குழாய் விரியும், மூச்சு லேசாகும்” என்று அப்போது விளக்கினார். கண்டக்டர் தலையாட்டினார். மருந்துக் கடையில்தான் விஷயம் உறைத்தது. கடைக்காரர் சீட்டைப் பார்த்து, அவரையும் பார்த்து, “ஜமாய்ங்க சார்!” என்று கண்ணடித்தார். ஆண்கள் ஒளித்து வாங்குகிற மாத்திரையும் இதுவும் ஒன்றேதான். அக்கா வருகிறாள் என்றதும் கண்டக்டர் அட்டையிலிருந்து எல்லாவற்றையும் பிரித்து இந்தச் சீசாவில் போட்டுவைத்தார். அவள் கண்ணில் பட்டால் சொந்தபந்தம் முழுக்கத் தண்டோராதான்.

“சிஸ்டர், நாக்குக்கு அடியில நைட்ரேட் ஸ்ப்ரே அடிச்சிடலாம்.”

கண்டக்டரின் கை திரையை விட்டது. நுரையீரல் டாக்டர் இதையும் சொல்லியிருந்தார்: ‘நெஞ்சுவலின்னு நைட்ரேட் எதுவும் குடுக்க விடாதீங்க. அது வளையத்தை ஊற வைக்கும், மாத்திரை வெட்ட விடாது. ரெண்டும் சேந்தா உடம்போட ரத்த பிரஷர் கிணத்துல போட்ட கல்லுதான்.’

கண்டக்டர் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. பஸ்ஸின் பின்படியிலிருந்து டிரைவர் காது வரை எட்டுகிற குரல் அது. பக்கத்துக் கட்டிலைச் சுற்றி ஒரு குடும்பமே நின்றது. இந்தப் பக்கம் அக்கா. மூடிக்கு மேலே மனைவியின் கண்கள் அவரையே பார்த்தன. சிஸ்டர் ஸ்ப்ரேயைக் குலுக்கிக்கொண்டு வந்தாள்.

“சிஸ்டர், அடிக்காதீங்க!”

“ஏன் சார்?”

“அது சத்து மாத்திரை இல்ல.”

“பின்ன என்ன?”

பெயர் நாக்கில் வரவில்லை. “அதாங்க... ஆம்பளைங்க... சாப்பிடுவாங்களே...”

பக்கத்துக் கட்டிலைச் சுற்றியிருந்த தலைகள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பின. டாக்டரம்மா, “நீங்க சாப்பிடறதை யார் கேட்டா? இவங்க என்ன...”

“இவதான் சாப்பிடறா! நான் இல்ல! நுரையீரல் பிரஷருக்கு! காலையிலகூடப் போட்டா!” இப்போது பின்படிக் குரலே வந்துவிட்டது.

டாக்டரம்மா சிஸ்டரின் கையைப் பிடித்துவிட்டார். “நைட்ரேட் வேண்டாம். ஈசிஜி எடுங்க. நுரையீரல் டாக்டருக்குப் போன் போடுங்க.” பிறகு அவரிடம் திரும்பினார். “இதைச் சொல்ல இவ்வளவு நேரமா சார்?”

வெளியே நடையில் அக்காவின் உதடு சிரிப்பில் கோணிக்கொண்டது.

“ஏன்டா, இந்த வயசுல...”

“அக்கா, அது அவளுக்கு.”

“அவளுக்குத்தான். நான் ஒண்ணும் கேக்கலையே.”

“உடம்புல ஒரு நொதி இருக்குக்கா. அது வளையத்தை வெட்டும்...”

“எந்த வளையம்டா? நல்லாக் கதை கட்டறே.”

“சரி விடு. எனக்குத்தான்னே வெச்சுக்கோ.”

“எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன்.”

“தாராளமா சொல்லு. உள்ள கட்டிலுக்குப் பக்கத்துல நம்பர் ஓடற பெட்டியில பிரஷர் கீழே இறங்கிடாம இருக்கான்னு மட்டும் எட்டிப் பாரு. எனக்குப் பாக்கத் தைரியமில்ல.”

அக்காவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. திரையை விலக்கி எட்டிப் பார்த்து, சிஸ்டரிடம் ஏதோ கேட்டுவிட்டு வந்தாள்.

“இறங்கலையாம்டா, அப்படியேதான் நிக்குதாம்.”

நடைக்கோடி வரை போய்த் திரும்பி வந்தார். “இப்போ பாரு.”

“இப்பத்தானேடா பாத்தேன்! முதல்ல உக்காரு.”

அவர் உட்காரவில்லை. அக்கா முணுமுணுத்துக்கொண்டே மறுபடி திரையை விலக்கினாள்.