பெட்டி வீட்டுக் கோழி

துவைக்கப் போட்ட சட்டையை உதறியபோது, உள்பக்கத் தையலில் ஒட்டிக்கொண்டிருந்த செம்பழுப்பு இறகு ஒன்று ஜெசிந்தாவின் காலடியில் விழுந்தது. மற்ற பெண்கள் புருஷன் சட்டையில் தலைமுடியைத் தேடுவார்கள். எனக்கோ ஒரு இறகைப் பார்த்து வயிறு எரிகிறது என்று நினைத்துக்கொண்டாள். சிரிப்பு வரவில்லை.

லிங்கராஜபுரத்தில் அவர்கள் வீட்டு அடுப்பில் கறி கொதிக்காத ஞாயிற்றுக்கிழமை இருந்ததில்லை. பூசை முடிந்து வந்ததும் குழம்பு. மிச்சம் இருந்தால் திங்கட்கிழமை தோசைக்கு. அவள் கணவன் ரெமிஜியஸ் பல வருடங்களாகப் பிராய்லர் வண்டி ஓட்டியவன். பண்ணைகளில் கோழிக் கூண்டுகளை ஏற்றிவந்து நகரத்துக் கடைகளில் இறக்குவது அவன் வேலை. சென்ற ஆண்டு திடீரென்று அதை விட்டுவிட்டுத் தண்ணீர் கேன் வண்டிக்குப் போனான். முதலாளியோடு தகராறு என்றான். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரமே அவள் கோழி வாங்கக் கூடையை எடுத்தபோது தடுத்தான்.

"இனிமே பிராய்லர் நம்ம அடுப்புல ஏற வேணாம் ஜெசி."

"ஏன், இன்னாத்துக்கு?"

"எழுந்து நிக்கக்கூட முடியாத கோழி அது. நடந்து திரிஞ்ச கோழியா பாத்து வாங்கலாம்."

ஆட்டுக்கறி வாராவாரம் கட்டுப்படியாகாது. நடந்து திரிந்த கோழியை இந்த ஊரில் எங்கே போய்த் தேடுவது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவன் கண்டுபிடித்துவிட்டான். கொத்தனூரைத் தாண்டி ஒரு சப்போட்டாத் தோப்பு. அதில் கோழிகளை மேயவிட்டு வளர்க்கிறவள் பெட்டி என்று ஒருத்தி. கணவனை இழந்தவள், தம்பி நோயலோடு இருக்கிறாள். சனிக்கிழமை தோறும் விடிவதற்கு முன்பே ரெமிஜியஸ் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போவதும், வெயில் ஏறிய பிறகு தூக்குப் பாத்திரத்தில் கறியோடு திரும்புவதும் அப்படித்தான் வழக்கமாயிற்று.

முதலில் ஜெசிந்தாவுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. குழம்பு ருசியாக இருந்தது. பிள்ளைகள் இரண்டும் தட்டை வழித்துச் சாப்பிட்டன. ஆனால் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாத மனிதன், சாப்பிடும்போது பெட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

"அவ கோழியத் துரத்திப் புடிக்கிறதே இல்ல. இருட்டுல, அது தூங்கறப்பவே தூக்கிக் கக்கத்துல வெச்சிக்குவா. காலக் கட்டித் தலைகீழாத் தொங்கப் போட்டா அவளுக்கு ஆகாது. அந்தக் கோழிக்கு ஒண்ணுமே தெரியாது, பாத்துக்க."

"கோழிக்குத் தெரியாது," என்றாள் ஜெசிந்தா. "சரி, எல்லாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிக்காதீங்க."

அவன் புரியாமல் பார்த்தான். அந்தப் பார்வை நிஜமா நடிப்பா என்று அவள் அன்று முழுவதும் தையல் மெஷினை மிதித்தபடி யோசித்தாள்.

பெட்டியை அவள் பார்த்ததில்லை. அதனால் வாரத்துக்கு ஒரு முகத்தை அவளுக்கு வைத்துப் பார்த்தாள். ஒரு வாரம் மூக்குத்தி போட்ட சிவப்பி. மறுவாரம் ஒல்லியாய், சிரித்தால் கன்னம் குழிகிறவள். எந்த முகம் வைத்தாலும் கைகள் மட்டும் மாறவில்லை. தூங்குகிற கோழியை எழுப்பாமல் தூக்கத் தெரிந்த கைகள். தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். ஊசி குத்திய விரல்கள். இவற்றைப் பற்றி ரெமிஜியஸ் யாரிடமாவது, எந்தச் சாப்பாட்டு வேளையிலாவது பேசியிருப்பானா?

ஒரு வெள்ளிக்கிழமை அவளே கம்மனஹள்ளிக்குப் போனாள். நாணு கடையில் கூண்டுக்குள் பழுப்பும் கருப்புமாய், சிவந்த கொண்டையோடு கோழிகள் நின்றன.

"நாட்டுக்கோழிதானே? மேஞ்சதா?"

"மேயாம பின்ன, டிவி பாத்துக்கினா வளந்திச்சி? ஆனேக்கல் பக்கம் தோட்டத்துக் கோழிம்மா," என்றார் நாணு.

அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கோழிக்காலையும் சூப்புக்காக வெட்டி எறியாமல் வைக்கச் சொல்லி முழுசாக வாங்கிக்கொண்டாள். ரெமிஜியஸ் வேலையிலிருந்து வந்ததும் முகத்தை ஒன்றும் தெரியாததுபோல் வைத்துக்கொண்டு, "நாளைக்கு நீங்க அவ்ளோ தூரம் அலைய வேணாம். நானே நல்ல கோழி வாங்கிட்டேன்," என்றாள்.

அவன் சமையலறைக்குள் வந்தான். தட்டிலிருந்த கோழிக்காலை எடுத்து, முட்டியை விளக்கு வெளிச்சத்தில் திருப்பினான். அங்கே காசளவுக்குக் கருகிய மாதிரி ஒரு புண் இருந்தது.

"இது கிரிராஜா ஜெசி, பண்ணைக் கோழி. கலர்தான் நாட்டுக்கோழி மாதிரி. கொட்டாயில, அதும் எச்சத்து மேலயே உக்காந்து வளந்தது. முட்டி வெந்துபோயிருக்கு பாரு."

"பெட்டி சொல்லிக் குடுத்தாளா?"

"எத்தன வருசம் ஏத்தி எறக்கியிருக்கேன். அவ எதுக்குச் சொல்லிக் குடுக்கணும்?"

அன்றிரவு அவள் அதையே குழம்பு வைத்தாள். அவன் ரசமும் அப்பளமும் வைத்துச் சாப்பிட்டான். குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவன் எதிரில் உட்கார்ந்து, வேண்டுமென்றே எலும்பைச் சத்தமாக உறிஞ்சிச் சாப்பிட்டாள். பதினான்கு வருடமாக அவள் சமைத்ததை ஒதுக்காத மனிதன். கெட்டுப்போன சாம்பாரைக்கூட முகம் சுளிக்காமல் குடித்தவன். அவன் பசி அவள் கையில் இருந்தது. இப்போது அதை எவளோ தோப்பில் இருந்துகொண்டு வாங்கிக்கொண்டுவிட்டாள்.

மறுநாள் அவன் ஸ்கூட்டரை வெளியே தள்ளியபோது அவள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"நானும் வரேன்."

"குளிரும் ஜெசி."

"அவளுக்குக் குளிராதா?"

அவன் அவள் ஏறுவதற்காகக் காலை ஊன்றி நின்றான். மறுத்திருந்தால் அவளுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும்.

தோப்பில் இன்னும் வெளுக்கவில்லை. நைட்டிக்கு மேல் ஆண்பிள்ளை ஸ்வெட்டர், காதைச் சுற்றி மப்ளர், கையில் டார்ச்சோடு ஒருத்தி வந்தாள்.

"அக்காவா அண்ணா? வாங்க அக்கா. இப்பவாச்சும் கூட்டிட்டு வந்தாரே."

அண்ணா. அந்த வார்த்தைக்கு என்ன, யாரும் யாரையும் கூப்பிடலாம். ஜெசிந்தா டார்ச் வெளிச்சத்தில் அவளை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். அழகி இல்லை. அழகில்லாதவளும் இல்லை. தன்னைப் பற்றி நினைத்துப் பார்க்க நேரமில்லாத ஒரு முகம். அவள் வைத்துப் பார்த்த எந்த முகமும் இதற்குப் பொருந்தவில்லை, ஆகவே கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

ரெமிஜியஸ் இருவரையும் விட்டுவிட்டு நேராகச் சப்போட்டா மரத்தடிக்குப் போய்க் குந்தி உட்கார்ந்தான். தாழ்ந்த கிளையிலிருந்து ஒரு பழுப்புக் கோழி இறங்கி வந்து அவன் செருப்பைக் கொத்தியது. அவன் அதை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டான். கிழக்கே லேசாக வெளுத்திருந்தது. அவன் முகம் தெரிந்தது. மூத்தவன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் பார்த்த முகம் அது. அதற்குப் பிறகு அவள் அதைப் பார்த்ததில்லை.

"இவரு வந்தா இப்படித்தான்," என்றாள் பெட்டி. "சும்மனே உக்காந்துக்குவாரு. ஒரு கோழி வாங்க அவ்ளோ நேரம். எனக்கு வேல கெடக்கும், போங்கண்ணான்னு சொல்லவும் மனசு வராது."

"உங்ககிட்ட என்ன பேசுவாரு?"

"எங்க பேசறாரு? மொத தடவ வந்தப்ப பேசினதுதான். பந்த் அன்னிக்கு வண்டி ரோட்ல நின்னு போச்சே, அதச் சொன்னாரு."

"எந்த பந்த்?"

பெட்டி டார்ச்சைத் தாழ்த்தினாள். "உங்களுக்குத் தெரியாதா அக்கா?"

பெட்டி தயங்கித் தயங்கிச் சொன்னாள். இங்கே ஒரு வழக்கம் உண்டு: கோழி வாங்க வருகிறவர்தான், அறுக்கும்போது அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தின்கிறவன் ஒருமுறையாவது அதன் சூட்டைக் கையில் உணரட்டும் என்று பெட்டி வைத்த சட்டம் அது. ரெமிஜியஸிடமும் அப்படித்தான் கொடுத்தாள். அவன் கை நடுங்க ஆரம்பித்தது. "அப்புறம் அழுதுட்டாரு அக்கா. வெயில்ல வண்டி முழுக்க செத்துப்போச்சாம். அவரு கூடவே நின்னுட்டிருந்தாராம். அதுலேர்ந்து அவருக்குப் பதிலா நோயல்தான் புடிச்சிக்குவான்."

அவன் பெட்டியோடு படுத்தான் என்று கேட்டிருந்தால் ஜெசிந்தாவுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். கத்தியிருப்பாள், அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள். இது வேறு. அவன் அழுதிருக்கிறான். அவன் அப்பா செத்தபோது அழாதவன். அந்த அழுகை ஒன்று அவனுக்குள் இருக்கிறது, வந்தால் தன்னிடம்தான் வரும் என்று இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தாளே. அது யாரோ ஒருத்திக்குக் கிடைத்துவிட்டது. அவளோ, அது பெரிய விஷயம் என்றுகூடத் தெரியாமல், வேலை கிடக்கிறது என்கிறாள்.

முதலாளியோடு தகராறு என்று அவன் சொன்ன நாளை நினைத்துப் பார்த்தாள். அன்று அவள் மெஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு ஜாக்கெட்டை அவசரமாக முடிக்க வேண்டியிருந்தது.

நோயல் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தான். பெட்டி கூட்டுக்குள் கையை விட்டு, தூங்கிக்கொண்டிருந்த ஒரு கோழியை எடுத்தாள்.

"இங்க குடுங்க," என்றாள் ஜெசிந்தா. "நான் புடிக்கிறேன்."

"பயப்பட மாட்டீங்களே?"

"குடுங்க."

நினைத்ததைவிடச் சூடாக இருந்தது. இறகுக்குள் விரல்கள் புதைந்துபோயின. உள்ளே எதுவோ வேகமாக அடித்துக்கொண்டது. கோழியின் கண்ணை உள்ளங்கையால் மறைத்ததும் மெல்ல அடங்கியது. பெட்டி குனிந்தாள். இருவர் தலையும் முட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கின. பெட்டியின் மூச்சில் காப்பி வாசனை இருந்தது. கத்தியை அவள் ஒரே தடவை இழுத்தாள். கோழி ஜெசிந்தாவின் கைக்குள் உதறியது. அவள் கை நடுங்கவில்லை. அவன் பார்த்தானா என்று நிமிர்ந்தாள். ரெமிஜியஸ் ஸ்கூட்டர் பக்கம் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான்.

"கை நல்லா ஸ்டெடியா இருக்கு அக்கா," என்றாள் பெட்டி. உண்மையாகத்தான் சொன்னாள். ஜெசிந்தாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை.

திரும்பும் வழியில் தூக்குப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஹெண்ணூர் ரோட்டில் லாரிகள் ஓட ஆரம்பித்திருந்தன.

"பந்த் அன்னிக்கு என்ன ஆச்சி?"

அவன் ஒரு லாரிக்கு வழிவிட்டான். "பெட்டி சொல்லிட்டாளா?"

"பாதி. மீதிய அவகிட்ட கேக்க மாட்டேன்."

அவன் வேகத்தைக் குறைத்து, திறக்காத ஒரு பங்சர் கடை ஓரம் நிறுத்தினான். இறங்கவில்லை. எஞ்சினையும் அணைக்கவில்லை. முன்னால் ரோட்டைப் பார்த்தபடி பேசினான். ஓசூர் ரோட்டில் டயர் எரித்துப் போட்டிருந்தார்கள். முன்னேயும் போக முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. காலையில் கூண்டெல்லாம் ஒரே சத்தமாக இருந்ததாம். மத்தியானத்துக்கு மேல் சத்தம் குறைந்துகொண்டே வந்ததாம்.

"கூண்டத் தெறந்து விட்டிருக்கலாம் ஜெசி. செத்தாலும் எடை போட்டுக் கணக்கு காட்டணும், தெறக்காதேன்னு போன்ல சொன்னாரு முதலாளி. நான் தெறக்கல. கூண்டுச் சாவி என் பாக்கெட்லதான் இருந்திச்சி."

அவன் முதுகு குலுங்குவது அவள் கன்னத்துக்குத் தெரிந்தது. அந்த நேரத்திலும் அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இதையும் அவகிட்ட சொன்னீங்களா?"

"எத?"

"சாவிய."

"இல்ல. இத யார்கிட்டயும் சொல்லல."

ஜெசிந்தா தூக்கைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"சரி," என்றாள். "சொல்லுங்க."