பக்கத்தில் யார் இருந்தார்கள்?

அமெரிக்காவின் கென்டக்கி மலைக்கு மேலே வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. குழந்தையின் தலை வந்துவிட்டது. தோள் உள்ளே சிக்கிக்கொண்டது. வெர்னாவின் கை கையுறைக்குள் வியர்வையில் வழுக்கியது.

"டார்லா, அடிவயித்த அமுக்கு! இன்னும் பலமா!"

நர்ஸ் டார்லா முழு உடம்பையும் போட்டு அமுக்கினாள்.

"பெரிய டாக்டர் எங்க?" என்றாள் வெர்னா.

"போன் போட்டுட்டே இருக்கோம். மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஆஸ்பத்திரில மாட்டிக்கிட்டாராம்."

வெர்னா குடும்ப மருத்துவம் படிக்கும் பயிற்சி டாக்டர், கடைசி வருடம். பிரசவத்தில் பெரிய டாக்டர் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும் என்பது விதி. பல்லைக் கடித்துக்கொண்டு கையை உள்ளே விட்டாள். நீலம் பாரித்து வந்த குழந்தை ஒருவழியாக அழுதது. ஆனால் வலது கை ஈரத்துணி மாதிரித் தொங்கியது.

"ஏன் டாக்டர், அந்தக் கை அசையல?" என்றாள் தாய்.

வெர்னா அந்தக் கையை மெல்லத் தூக்கி, குழந்தையின் மார்போடு சேர்த்துத் துணியில் சுற்றினாள்.

வெளியே நிர்வாகி ஹாஸ்கெல், கையில் காபியோடு நின்றிருந்தார்.

"வெர்னா கண்ணு, இன்னைக்கு நம்ம பயிற்சிக்கு அங்கீகாரம் தர்றவங்க வர்றாங்க. பிரசவத்துல பக்கத்துல யாருன்னு கேட்டா, பெரிய டாக்டர்னு சொல்லிடு. வருஷா வருஷம் சொல்றதுதானே."

சொல்வதுதான். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு சீனியர்கள் முதலில் கற்றுக்கொடுப்பதே அந்தப் பொய்யைத்தான்.

"சொல்லித்தர்றதுக்கு இன்னும் டாக்டர்கள போடுங்க சார். எங்க ஒவ்வொருத்தர் தலைக்கும் பயிற்சிக்குன்னு அரசாங்கம் காசு தருதுல்ல?"

"அதுலதான் இதயப் பிரிவு கட்டியிருக்கோம். பிரசவத்துல என்னம்மா வருமானம்? உண்மைய சொல்லித்தான் பாரேன். அங்கீகாரம் போகும், காசு நிக்கும், பிரசவ வார்டையே இழுத்து மூடிடுவேன். இந்த மலைப் பொம்பளைங்க கார்லயே பெத்துக்கட்டும். உன் படிப்பு அம்போ. உன்கூடப் படிக்கிற தோஸ்த் ஒபின்னா, விசா போய் நைஜீரியாவுக்கு ப்ளேன் ஏறட்டும்."

பயிற்சி டாக்டர்கள் ஓய்வறையில் ஆறிப்போன காபியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வெர்னா எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப எங்கம்மாகிட்ட சோறு ஆக்கி வைக்கச் சொல்லிடறேன்" என்றான் ஒபின்னா. யாரும் சிரிக்கவில்லை.

"நீ வாயே தொறக்காத" என்றாள் வெர்னா. "நான் பேசறேன். நான் இந்த ஊர்க்காரி, என்னைய எங்க அனுப்புவாங்க?"

நிர்வாகிகளுக்கு அனுமதி இல்லாத மூடிய அறையில் பயிற்சி டாக்டர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அங்கீகாரக் குழுவிலிருந்து வந்திருந்த நரைத்த தலை அம்மாள் கேட்டார்: "பிரசவம் பாக்கறப்போ சொல்லித்தர்ற டாக்டர் பக்கத்துல இருக்காரா?"

வெர்னா வாயைத் திறந்தாள். காரின் பின்சீட்டில் கத்துகிற பெண்கள் கண்முன் வந்தார்கள். அந்தத் தொங்கிய கையும் வந்தது. அப்படியும் சத்தம் எழவில்லை.

நாற்காலி ஒன்று தரையைக் கீறியது. எழுந்தது ஒபின்னா.

"இல்லைங்க. இன்னைக்குக் காலையிலகூட இல்ல."

"எனக்கும் யாரும் பக்கத்துல இருந்ததில்ல" என்று இன்னொருத்தி எழுந்தாள். பிறகு அவள் பக்கத்தில் இருந்தவன். பிறகு எல்லோரும்.

அப்போதுதான் வெர்னாவுக்குக் குரல் வந்தது. "மூடச் சொல்லலம்மா. அந்தக் காசுல டாக்டர்கள போட வைங்க. நாங்க எல்லாரும் தொழிற்சங்கத்துல சேரப்போறோம். போடற வரைக்கும் விடமாட்டோம்."

"என்ன முடிவாகும்னு என்னால சொல்ல முடியாது" என்றார் அந்த அம்மாள்.

"தெரியும்மா."

வெர்னாவின் போன் அலறியது. பிரசவ வார்டு. இன்னொரு தாய். பெரிய டாக்டர் இன்னும் வரவில்லை. அவள் கதவைத் திறந்தாள். எதிரே ஹாஸ்கெல், முகம் சிவந்து.

"இரு, தனியா போகாத" என்றான் ஒபின்னா.

இருவரும் அவரைத் தாண்டி ஓடினார்கள். பின்னாலேயே மற்றவர்களின் காலடிச் சத்தம்.