தகர மோட்டாரும் ஒரு வருஷ காரண்டியும்

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. புதிதாக வாங்கிய என் கடிகாரம் ஒரு மாதத்தில் நின்றுபோனது. ஒரு வருஷ காரண்டி என்று சத்தியம் பண்ணிய கடைக்காரன், "நீங்க கீழ போட்டிருப்பீங்க" என்று ஒரே போடாகப் போட்டான். கதையிலாவது அவன் மானத்தை வாங்கலாம் என்று உட்கார்ந்தேன். கோபத்தில் எழுதுவது உருப்படாது என்பார்கள். பார்ப்போம்.

2

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், இளம்பிள்ளை என்னும் ஊரில்...

[வேண்டாம். பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கிறது.]

ஆராயி இளம்பிள்ளையில் நூலுக்குச் சாயம் போடுகிறவள். புருஷன் இல்லை, பெருமாயி என்று ஒரே மகள். நூல் வண்டியோடு சேலம் போய்த் திரும்பும்போது, ஒரு முச்சந்தியில் தகரத்தில் செய்த பொம்மை மோட்டார் கார் கிடந்தது. பக்கத்தில் வேப்பிலை.

[கடைசி இரண்டு வார்த்தைகளை அடித்துவிட்டேன். வேப்பிலையோடு கிடப்பது அம்மை கண்ட வீட்டில் கழித்துப் போட்டது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆராயி தொட மாட்டாள்; எனக்குக் கதை கிடைக்காது. காற்றில் பறந்துபோனது என்று வைத்துக்கொள்ளுங்கள்.]

புளியும் சாம்பலும் போட்டுத் துருவைத் தேய்த்தாள். சக்கரங்களுக்கு விளக்கெண்ணெய் விட்டாள். உருக்கிய அரக்கில் சிவப்புச் சாயத்தைக் கலந்து பூசினாள். சாவி மட்டும் பிடிக்கவில்லை. உள்ளே சுருள்வில் அறுந்திருந்தது. பெருமாயி கையால் தள்ளியே விளையாடினாள், கட்டிக்கொண்டே படுத்தாள். "தானா ஓட வெச்சுக் குடும்மா" என்று உயிரை எடுத்தாள்.

3

இனி என் கடைக்காரன் வரலாம். சேலம் கடைவீதியில் உட்கார வைத்து, அப்புசாமி என்று பெயரும் வைக்கிறேன்.

ஆராயி கொண்டுபோய் நீட்டிய மோட்டாரை அப்புசாமி திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நம்ம கடைச் சரக்குதான். ஒரு வருசம் காரண்டி இருக்குது. ஆனா வாங்குனவங்க வரோணும்."

"இது கெடச்சதுங்க சாமி."

"கெடச்சதுக்கெல்லாம் காரண்டி இல்ல. அதுலயும் நீ சாயத்தப் பூசி வெச்சிருக்கற. நூல் யாவாரி சண்முகவேலு ஊட்டுக்கு வித்தது இது. அவங்க வந்து சொன்னா வில்லு மாத்தித் தாரேன்."

[அவன் மூக்கை உடைக்க நாலு வரி வசனம் தயாராக வைத்திருந்தேன். ஆராயி வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள்.]

"அவங்க ஊடு எங்கீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

4

சண்முகவேலின் மனைவி நல்லம்மாள் கதவைத் திறந்தாள். மோட்டாரைப் பார்த்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடையில வந்து ஒரு வார்த்த சொன்னீங்கன்னா..." என்று ஆராயி தொடங்கினாள்.

"எம் பையனுது இது. அவனை மாரியாத்தா கூட்டிட்டுப் போயிட்டா. ஒடம்பு முச்சூடும் முத்து. கடசி வரைக்கும் இதக் கையவுட்டு எறக்கல. வேப்பெலையோட முச்சந்தியில கழிச்சுப் போட்டனே, நீ பாக்கலியா?"

"வேப்பெல இல்லீங்க."

உண்மைதான். எடுத்தவன் நான். இப்போது ஓடிப்போய் அந்த இரண்டு வார்த்தைகளையும் திரும்ப எழுதினேன். என்ன பயன்? அவள் எடுத்தாயிற்று, தேய்த்தாயிற்று, பிள்ளை கட்டிக்கொண்டு படுத்தும் ஆயிற்று.

"உனக்குப் புள்ள இருக்குதா?" என்று நல்லம்மாள் மெல்லக் கேட்டாள்.

ஆராயி மோட்டாரை அங்கேயே போட்டுவிட்டு இளம்பிள்ளைக்கு ஓடினாள்.

5

முதல் முடிவு: பெருமாயிக்கு முன்பே அம்மைத் தடுப்பூசி குத்தியிருந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை.

[ஆகாது. குத்த வந்தவர்களுக்குப் பயந்து மகளை நெல் குதிருக்குள் ஒளித்து வைத்தவள் ஆராயி. இந்த வரி நான் கேட்காமலே வந்து விழுந்தது. அடித்துப் பார்த்தேன், போகவில்லை.]

இரண்டாம் முடிவு: மூன்றாம் நாள் பெருமாயியின் முகத்தில்

[முடியவில்லை.]

பட்டப்பகல். பெருமாயி பாயில் சுருண்டு படுத்திருக்கிறாள். விளையாடிக் களைத்தவளாக இருக்கலாம். ஆராயி பக்கத்தில் குந்தியிருக்கிறாள். மகளின் நெற்றிவரை போன கை அந்தரத்தில் நிற்கிறது. தொட்டால் தெரிந்துவிடும்.

"என்னால முடியலீங்க. நீங்க தொட்டுப் பாத்துச் சொல்லுங்க" என்கிறாள்.

என்னிடம் இல்லை. என்னை அவள் இனி நம்ப மாட்டாள். உங்களைப் பார்த்துத்தான் கேட்கிறாள்.